அறிகுறி பார்த்து பிஎச்பி கிளாஸைச் சரிசெய்வது: ஒரு புதுச்சேரி பில்லை வைத்து

சனிக்கிழமை மாலைகளில் கடலூரிலிருந்து நாலைந்து பேர் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு என்னிடம் வருவார்கள். கல்லூரி முடித்துவிட்டு, வெப்சைட்களுக்கான ப்ரோக்ராம் மொழியான பிஎச்பி கற்றுக்கொண்டிருப்பவர்கள். கிளாஸ் என்றால் என்ன, ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள்: கிளாஸ் ஒரு அச்சு, அதிலிருந்து வார்த்தெடுப்பது ஆப்ஜெக்ட், அது செய்யும் ஒவ்வொரு வேலையும் ஒரு மெத்தட். எழுத உட்காரும்போதுதான் தடுமாற்றம். "அண்ணா, எந்த மெத்தடை எந்த கிளாஸ்ல போடுறதுன்னுதான் தெரியல" என்பார்கள். விதிகளாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், மனதில் நிற்பதில்லை. ப்ரோக்ராம் எங்கே வலிக்கிறது என்று காட்டி, அங்கிருந்து காரணத்தைத் தேடிப் போனால் நிற்கிறது. அதனால் இதையும் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன்.

உதாரணம் முழுக்க ஒன்றுதான். புதுச்சேரியில் ஒரு கடை. முந்திரி, ஊதுபத்தி, கையால் செய்த காகிதம் விற்கிறது. வெப்சைட்டில் ஆர்டர் வாங்கிப் பார்சல் அனுப்புகிறது. ஆர்டர், முகவரி, பில் என்று கிளாஸ்கள் இருக்கின்றன.

எந்த அறிகுறி வந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த முடிவை எடுக்க வேண்டியது யார்? இந்த பில்லுக்கு எந்த வரி, இந்த ஆர்டரை இனி ரத்து செய்யலாமா, பார்சல் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பவை எல்லாம் முடிவுகள். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே ஒரு வீடு இருக்க வேண்டும். அந்த வீட்டுக்குப் பெயர்தான் கிளாஸ். 1972இல் மென்பொருள் ஆய்வாளர் டேவிட் பார்னஸ் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுவே: பின்னால் மாறக்கூடிய முடிவு எதுவோ, அதை ஒரு பகுதிக்குள் மறைத்து வை, மற்ற பகுதிகளுக்குத் தெரிய வேண்டாம்.

"ஒரு சின்ன மாற்றம்தான், ஆனா அஞ்சு ஃபைலைத் திறக்க வேண்டியிருக்கு"

இந்த அறிகுறி வந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதைப் பாருங்கள். பிற கோளாறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

நானே எழுதிய ப்ரோக்ராம் ஒன்றைச் சொல்கிறேன். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. விற்கும் கடையும் சரக்கு போய்ச் சேரும் இடமும் ஒரே மாநிலம் அல்லது யூனியன் பிரதேசம் என்றால் வரி மத்திய பாதி, மாநில பாதி என்று இரண்டு வரியாக பில்லில் வரும். வேறு மாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி. சென்னைக் கடைக்காரருக்கு இது எப்போதாவது வரும் விஷயமாக இருக்கலாம். புதுச்சேரியில் இது அன்றாடம். கடலூர் பஸ்ஸில் ஏறினால் முள்ளோடையைத் தாண்டியதும் தமிழ்நாடு. அதனால் பக்கத்தில் இருக்கும் மஞ்சக்குப்பத்துக்குப் போகும் பார்சலுக்கு ஐஜிஎஸ்டி. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் காரைக்காலுக்குப் போகும் பார்சலுக்கு இரண்டு பாதி, ஏனென்றால் அது நம் யூனியன் பிரதேசம்.

நான் என்ன செய்தேன் என்றால், பின்கோடு 605 என்று தொடங்கினால் புதுச்சேரி, இல்லாவிட்டால் வெளிமாநிலம் என்று ஒரு இஃப், அதாவது நிபந்தனை, போட்டேன். கார்ட் பக்கத்தில் போட்டேன், பில்லில் போட்டேன், வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலில் போட்டேன், மாத ரிப்போர்ட்டிலும் போட்டேன். நான்கு இடம்.

விழுப்புரத்து வாடிக்கையாளர் ஒருவரின் பில்லில்தான் குட்டு உடைந்தது. விழுப்புரத்தின் பின்கோடு 605602. ஆரோவில் 605101. இரண்டும் தமிழ்நாடு. இன்னொரு பக்கம் காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. மூன்றும் புதுச்சேரியைச் சேர்ந்தவை, ஒன்றுகூட 605இல் தொடங்கவில்லை. கார்ட்டையும் பில்லையும் மெயிலையும் திருத்தினேன். ரிப்போர்ட்டை மறந்துவிட்டேன். மாதக் கடைசியில் கடைக்காரர் கூப்பிட்டார்: "தம்பி, பில்லைக் கூட்டினா ஒரு தொகை வருது, ரிப்போர்ட்ல வேற தொகை இருக்கு." அன்று இரவு முழுக்க உட்கார்ந்து பில் பில்லாக ஒப்பிட்டேன்.

உங்கள் ப்ராஜெக்ட்டில் இது இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். முழு ஃபோல்டரிலும் அந்த மதிப்பைத் தேடுங்கள். என் கதையில் அது 605. உங்களுடையதில் வரி விகிதமாக இருக்கலாம், "ரத்து" என்ற சொல்லாக இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட ஃபைலில் அதே கேள்வியை இஃப் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த முடிவுக்கு வீடு இல்லை என்று அர்த்தம்.

சரிசெய்வதை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் முகவரி என்பதைத் தனி கிளாஸ் ஆக்குங்கள். வெறும் எழுத்துச் சரமாகப் பின்கோடைக் கைமாற்றிக்கொண்டே போனால் அதைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அவரவர் பாணியில் அர்த்தம் சொல்வார்கள். மாநிலத்தை வாடிக்கையாளரே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும், ப்ரோக்ராம் ஊகிக்க வேண்டாம். பிஎச்பி 8.1இல் வந்த எனம் (enum, அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) இதற்கு நல்ல கருவி, தப்பான மாநிலப் பெயர் உள்ளே வரவே முடியாது. வாங்குபவர் ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் அதன் முதல் இரண்டு இலக்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34.

அப்புறம் வரிக்கணக்கு என்று ஒரு கிளாஸ். கடையின் மாநிலம், சேருமிடத்தின் மாநிலம், தொகை, விகிதம் நான்கையும் வாங்கிக்கொண்டு, எந்த வரி எவ்வளவு என்று திருப்பித் தரும். வேறெதுவும் செய்யாது. இதை பில் கிளாஸுக்குள்ளேயே வைக்கக்கூடாதா என்று கேட்பார்கள். வைக்கலாம்தான், ஆனால் கார்ட் பக்கத்தில் இன்னும் பில்லே பிறந்திருக்காது, அங்கேயும் வரியைக் காட்ட வேண்டும். அதனால் தனியே இருப்பது நல்லது.

கடைசியாக அந்த நான்கு இடங்களையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, கமிட் செய்துவிட்டு (அந்த மாற்றத்தைப் பதிந்துவிட்டு) அடுத்ததற்குப் போங்கள். நான்கையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு எது உடைந்தது என்று தேடாதீர்கள்.

விகிதத்தையும் கிளாஸுக்குள் எண்ணாக எழுதிவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5 சதவீதத்துக்கு இறங்கின. எண்ணை மட்டும் மாற்றியவர்களுக்கு அன்று காலையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். பழைய பில் ஒன்றை மறுபடி ப்ரின்ட் எடுத்தால் அதுவும் புது விகிதத்தில் வரும். பில் போட்ட நாளில் என்ன விகிதமோ அதை பில்லே தன்னுள் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் குட்டி அறிகுறி ஒன்று: "மொத்தத்துல ஒரு பைசா இடிக்குது." ரூ. 333.35க்கு 5 சதவீதம் என்றால் 16.6675, அதாவது 16.67. இன்னொரு பக்கத்தில் இரண்டரை சதவீதமாக இரண்டு முறை கணக்கிட்டால் ஒவ்வொன்றும் 8.33, கூட்டினால் 16.66. இரண்டு கணக்குமே தப்பில்லை. எங்கே முழுமையாக்குவது என்ற முடிவு இரண்டு இடத்தில் இருப்பதுதான் தப்பு. தொகையைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைத்து, முழுமையாக்கும் வேலையை வரிக்கணக்கு மட்டும் செய்யட்டும்.

"இந்த கிளாஸுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னே தெரியல"

பெயர் கிடைக்காமல் மேனேஜர், ஹெல்பர், யூட்டில் என்று வைத்திருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று கிளாஸ்கள் ஒன்றாகப் படுத்திருக்கும். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வரும் தங்கை ஒருத்தி ஆர்டர்மேனேஜர் என்று ஒரு ஃபைல் கொண்டுவந்தாள். அது ஆர்டரைச் சேமித்தது, மெயில் அனுப்பியது, பில்லைப் பிடிஎஃப் ஆக்கியது, கூப்பன் செல்லுமா என்றும் பார்த்தது.

இதற்குக் கணினி தேவையில்லை, அட்டை போதும். ப்ரோக்ராமர்களான கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்காமும் 1989இல் சொல்லிக்கொடுத்த முறை இது. நாங்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் எழுதுகிறோம். மேலே கிளாஸின் பெயர், இடதுபக்கம் அது பொறுப்பேற்கும் வேலை, வலதுபக்கம் அது யாரிடம் உதவி கேட்கும் என்பது. அட்டையில் இடம் போதாவிட்டால் வேலை அதிகம். வேலையைச் சொல்லும்போது "மற்றும்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படித்தான். அந்தத் தங்கை நான்கு அட்டைகளை மேஜையில் பரப்பியபோது பெயர்கள் தாமாகவே வந்தன: ஆர்டர்க்கிடங்கு, பில்அச்சு, ஆர்டர்மெயில், கூப்பன்.

கிளாஸின் வரி எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். முந்நூறு வரியில் ஒரே வேலையை ஒழுங்காகச் செய்யும் கிளாஸும் உண்டு.

"நல் மேல மெத்தடைக் கூப்பிட்டிருக்கன்னு எரர் வருது"

நல் (null) என்றால் அங்கே எந்த மதிப்பும் இல்லை என்று பொருள். எரர் காட்டுகிற வரியில் ஒரு இஃப் போட்டு அடைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது ஒட்டுப்போடுவது. எரர் வெடித்த இடம் வேறு, தப்பு நடந்த இடம் வேறு. அந்த ஆப்ஜெக்ட் எங்கே நியூ என்று உருவானதோ அங்கே போங்கள். ஆர்டரை வெறுமையாக உருவாக்கிவிட்டு, அடுத்தடுத்த வரிகளில் வாடிக்கையாளரை வை, முகவரியை வை, தேதியை வை என்று செட்டர்களால், அதாவது மதிப்பை வைக்கும் மெத்தட்களால், நிரப்பியிருப்பீர்கள். ஏதோ ஒரு பாதையில் முகவரி வைக்கும் வரி விட்டுப்போயிருக்கும்.

முகவரி இல்லாத பார்சல் ஆர்டர் என்று ஒன்று கடையில் கிடையாது. அப்படியானால் ப்ரோக்ராமிலும் அது பிறக்கக்கூடாது. இல்லாமல் முடியாத எல்லாவற்றையும், ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தடான கன்ஸ்ட்ரக்டரிலேயே கேளுங்கள். பிஎச்பி 8.0 முதல் கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குள்ளேயே ப்ராபர்ட்டியை (ஆப்ஜெக்ட் தன்னுள் வைத்திருக்கும் மதிப்பை) அறிவித்துவிடலாம் என்பதால் எழுதுவதும் குறைவு. பிறகு செட்டர்களை அழித்துப் பாருங்கள். எங்கெல்லாம் உடைகிறதோ அங்கெல்லாம் யாரோ வெளியிலிருந்து ஆர்டரின் உள்ளே கைவைத்திருக்கிறார்கள். "நிலையை ரத்து என்று வை" என்பது வெளியார் எடுத்த முடிவு. "ரத்து செய்" என்ற மெத்தட் இருந்தால், பார்சல் ஏற்கெனவே கிளம்பிவிட்டது, முடியாது என்று ஆர்டரே சொல்லும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: தொடங்கும் முன்பே ப்ராபர்ட்டியைத் தொட்டுவிட்டாய் என்ற எரர். இன்னொரு கிளாஸிலிருந்து பெற்று எழுதிய பிள்ளை கிளாஸில் சொந்தமாகக் கன்ஸ்ட்ரக்டர் எழுதினால், தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை பிஎச்பி தானாக அழைக்காது. நீங்கள்தான் அழைக்க வேண்டும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

"நான் தொடவே இல்ல, தேதி தானா மாறிடுச்சு"

ஆர்டர் தேதியை எடுத்து, மூன்று நாள் கூட்டி, டெலிவரி தேதி என்று வைத்தீர்கள். திரும்பிப் பார்த்தால் ஆர்டர் தேதியும் மூன்று நாள் தள்ளிப்போயிருக்கிறது.

ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயரிலும் தெருவில் ஒரு பெயரிலும் கூப்பிடுவது போலத்தான் இது. பெயர் இரண்டு, ஆள் ஒருவர். 2004இல் வந்த பிஎச்பி 5 முதல், ஒரு ஆப்ஜெக்டை இன்னொரு வேரியபிளில் வைத்தால் நகல் உருவாகாது, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டைத்தான் காட்டும். பிஎச்பியில் தேதிக்கான டேட்டைம், தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் கிளாஸ். அதற்குப் பதிலாக டேட்டைம்இம்யூட்டபிளைப் பயன்படுத்துங்கள். அது மாறாது, கூட்டச் சொன்னால் புதிய தேதி ஒன்றைத் தரும். மாற்றியபின் இப்போது நேர்மாறான அறிகுறி வரலாம், "மூணு நாள் கூட்டியும் தேதி மாறல" என்று. திருப்பித் தந்த தேதியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சொந்த கிளாஸ்களிலும் இப்படியே யோசியுங்கள். தொகை, முகவரி, தேதி போன்றவை பிறந்தபின் மாறத் தேவையில்லை. 8.1 முதல் இருக்கும் ரீட்ஒன்லி என்ற சொல்லை ப்ராபர்ட்டியின் முன்னால் போட்டுவிடுங்கள். ஆர்டர் மாறும், அதற்கு வாழ்க்கை இருக்கிறது. தொகைக்கு அது கிடையாது.

"எக்ஸ்டென்ட்ஸ் போட்டதிலிருந்து ஒண்ணு மாத்தினா ஒண்ணு உடையுது"

இன்ஹெரிட்டன்ஸை, அதாவது தாய் கிளாஸில் இருப்பதைப் பிள்ளை கிளாஸ் எக்ஸ்டென்ட்ஸ் என்ற சொல்லால் பெறுவதை, பாடத்தில் முதலில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதனால் இரண்டு கிளாஸில் நாலு வரி ஒன்றுபோல் இருந்தாலே கை எக்ஸ்டென்ட்ஸுக்குப் போகிறது. பில் கிளாஸ் டேட்டாபேஸ் கிளாஸின் பிள்ளையாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கனெக்‌ஷன் எளிதாகக் கிடைக்கிறதே என்பது காரணம். பில் ஒரு டேட்டாபேஸா என்று வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் நுட்பமான கோளாறு ஒன்று. கடைக்கு நேரில் வந்து எடுத்துக்கொள்பவர்களுக்காக ஒரு பையன் நேரில்ஆர்டர் என்ற கிளாஸை ஆர்டரின் பிள்ளையாக எழுதினான். நேரில் வருபவருக்கு முகவரி எதற்கு? அதனால் முகவரி கேட்டால் நல் திருப்பித் தந்தான். வரிக்கணக்கு அந்த நல்லிடம் போய் மாநிலம் கேட்டது, பில் விழுந்துவிட்டது. கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஓர் உரையில் எடுத்துச்சொன்ன விஷயம் இதுதான்: தாய் நிற்கும் இடத்தில் பிள்ளையை நிறுத்தினால் பயன்படுத்துபவருக்கு வித்தியாசம் தெரியக்கூடாது. தாய் தருவதாகச் சொன்னதைப் பிள்ளை தர முடியாவிட்டால் அந்த உறவு சரியில்லை.

எக்ஸ்டென்ட்ஸை எடுத்துவிட்டு, ஆர்டருக்குள் ஒப்படைப்பு என்று ஒன்றை வைத்தோம். அது ஒரு இன்டர்ஃபேஸ், எந்த மெத்தட்கள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம். கூரியர் ஒன்று, நேரில் எடுப்பது இன்னொன்று. இரண்டுமே "வரிக்கான மாநிலம் எது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். கூரியர் பார்சலின் முகவரியைப் பார்த்துச் சொல்லும். நேரில் வாங்கிப்போகும் சில்லறை வாடிக்கையாளரின் முகவரி பில்லில் பதியப்படாவிட்டால் கடை இருக்கும் மாநிலம்தான் கணக்கு. ஆகவே இரண்டாவது கிளாஸ் புதுச்சேரி என்று சொல்லும். வரிக்கணக்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

சட்டென்று தீர்ந்துவிடும் மூன்று

ப்ராபர்ட்டிக்கு மதிப்பு கொடுத்தும் வராமல் வெறுமையாகவே இருந்தால், பெயரில் எழுத்துப்பிழை தேடுங்கள். அறிவிக்காத பெயருக்கு மதிப்பு கொடுத்தால் பிஎச்பி சத்தமில்லாமல் புது ப்ராபர்ட்டியை உண்டாக்கிவிடும். 8.2 முதல் எச்சரிக்கை காட்டுகிறது. எச்சரிக்கைகளை மறைத்து வைத்திருந்தால் அதுவும் தெரியாது.

அடுத்த பக்கத்துக்குப் போனதும் ஆப்ஜெக்டில் இருந்ததெல்லாம் காணாமல் போனால், வழக்கமான பிஎச்பி அமைப்பில் அது இயல்பு. ஒரு ரிக்வெஸ்ட் (ஒரு பக்கத்தைக் கேட்டுப் பெறுவது) முடிந்ததும் ஆப்ஜெக்டும் முடிந்துவிடும். ஸ்டாட்டிக் ஆக்கி கிளாஸோடு சேர்த்து வைத்தாலும் நிற்காது. பக்கம் தாண்டியும் தகவலை வைத்திருக்கும் செஷனில் முழு ஆர்டரையும் திணிக்காமல் ஆர்டர் எண்ணை மட்டும் வையுங்கள், மீதியை டேட்டாபேஸிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்துக்கு முன்னால் போகும் ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது என்ற எரர் வந்தால், எந்த கிளாஸ் எக்கோ செய்கிறது, அதாவது திரைக்கு எழுதுகிறது, என்று பாருங்கள். கணக்குப் போடும் கிளாஸ் திரையில் எழுதக்கூடாது, மதிப்பைத் திருப்பித் தரட்டும், காட்டுவது டெம்ப்ளேட்டின் வேலை. உங்கள் கணினியில் வராமல் சர்வரில் மட்டும் வந்தால், இரண்டிலும் அவுட்புட் பஃபரிங் (எழுதியதைத் தேக்கி வைத்து அனுப்பும்) அமைப்பு வேறாக இருக்கக்கூடும்.

"சரியா இருக்கான்னு பார்க்க நிஜ ஆர்டர் போட வேண்டியிருக்கு"

இதைக் கோளாறு என்றே பலர் நினைப்பதில்லை, அதனால் எனக்கு இதில் கவலை அதிகம். ஒரு இஃப் சரியா என்று பார்க்க டேட்டாபேஸை ஓட்டி, கார்ட்டை நிரப்பி, பொத்தானை அழுத்தி, வாடிக்கையாளருக்கு உண்மையாகவே மெயில் போய்விடுமோ என்று பயந்துகொண்டே வேலை செய்கிறார்கள்.

மெத்தட்களின் உள்ளே நியூ என்ற சொல்லைத் தேடுங்கள். ஆர்டரின் உறுதிசெய் என்ற மெத்தட் உள்ளே மெயில் அனுப்பும் ஆப்ஜெக்டைத் தானே உருவாக்கிக்கொண்டிருக்கும். அதைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வெளியிலிருந்து கொடுங்கள். நிஜக் கடையில் நிஜ மெயில், சோதனையில் "இவருக்கு இந்த மெயில் போயிருக்கும்" என்று குறித்துக்கொள்ளும் பொய் மெயில். இன்றைய தேதியையும் அப்படியே வெளியிலிருந்து வாங்கினால், 2025 செப்டம்பர் 21 அன்று போட்ட பில்லையும் மறுநாள் போட்ட பில்லையும் ஒரே நிமிடத்தில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கலாம்.

தொகை, முகவரி போன்ற சின்ன ஆப்ஜெக்ட்களை உள்ளேயே நியூ போட்டு உருவாக்குவதில் தப்பில்லை. வெளியுலகத்தைத் தொடுகிறவற்றை, அதாவது டேட்டாபேஸ், மெயில், கடிகாரம், பேமென்ட் போன்றவற்றை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தால் போதும்.

கை வைக்கக்கூடாத இடம்

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா கிளாஸையும் பிரிக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. போன மாதம் ஒரு பையன் வாடிக்கையாளரின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள மூன்று கிளாஸும் ஒரு இன்டர்ஃபேஸும் எழுதிக்கொண்டு வந்தான். "என்னப்பா அறிகுறி?" என்று கேட்டேன். எதுவும் இல்லை, இனிமேல் வரக்கூடாதே என்றுதான் என்றான். மூன்றையும் அழிக்கச் சொன்னேன்.

ஒரே இஃப் இரண்டு இடத்தில் இருந்தால் நான் குறித்து வைத்துக்கொள்வேன். மூன்றாவது இடத்தில் எழுதப்போகும்போது நிறுத்தி, வீடு கட்டுவேன். வரி, பணம், ரத்து போன்ற விஷயம் என்றால் இரண்டாவதிலேயே நிறுத்திவிடுவேன். அந்தக் கடையின் ப்ரோக்ராமில் மெயில் பகுதி இன்றும் அழகாக இல்லை. அதில் யாரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை, அதனால் தொடவில்லை. வரிக்கணக்கைத் தனியே எடுத்தபிறகு ஏனாமிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பின்கோடு 533464, ஆந்திராவுக்கு நடுவில் இருக்கும் ஊர். பில், மெயில், ரிப்போர்ட் மூன்றிலும் இரண்டு பாதி வரி சரியாக விழுந்திருந்தது.